பூங்காவை ஒட்டிய புல்வெளியில் அடுக்குமாடிகள்: நான் எதிர்த்தால் அது சுயநலமா?

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 24 ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார். வாசலுக்கு எதிரே சுமார் நான்கு ஏக்கர் புல்வெளி. அதைத் தாண்டினால் நகரத்தின் பெரிய பூங்கா. புல்வெளிக்கு வேலி கிடையாது, பலகை கிடையாது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், பெரியவர்கள் குறுக்கே நடந்து பூங்காவுக்குப் போகிறார்கள். பக்கவாதம் வந்த பிறகு இவருடைய கணவர் மறுபடி நடக்கக் கற்றது அந்தப் புல்லில்தான். அவர் இப்போது இல்லை.

சென்ற மாதம் அங்கே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆறு கட்டடங்கள், 240 வீடுகள். அவற்றில் ஒரு பங்கு, வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகையில். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று கன்று வேறிடத்தில் நடுவோம் என்று கட்டுமான நிறுவனம் சொல்கிறது. குடியிருப்போர் சங்கம் எதிர்ப்பு மனு ஒன்று தயாரித்துக் கையெழுத்து வாங்குகிறது. அதில் "எங்கள் சொத்து மதிப்பு விழும்", "கண்டவர்களும் வந்து குடியேறுவார்கள்" என்று இரண்டு வரிகள். இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணம், இவருடைய மகள் வாடகை கட்டுபடியாகாமல் நகரத்துக்கு வெளியே இருந்து தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேலைக்கு வருகிறாள்.

அவர் கேட்பது இவை: இத்தனை ஆண்டு புழங்கிய இடத்தின் மேல் எங்களுக்கு உரிமை இல்லையா? எதிரே இருந்த பசுமையை மறைத்துக் கட்ட முடியுமா? மூவாயிரம் கையெழுத்து சேர்ந்தால் திட்டம் நிற்குமா? கடைசியாக, அடிக்கோடு போட்டு: "என் மகளுக்கு வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிற நானே, வீடு கட்டாதே என்று சொன்னால் அது சுயநலமா?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வி உங்களை உறுத்துகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். நில வழக்குகளில் பல ஆண்டுகளாக நிற்கிறேன். அந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. அதற்கு நிச்சயம் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை: அந்த நான்கு ஏக்கர் யாருடையது?

முதலில் காகிதம்

"பச்சையாக இருக்கிறது, பூங்காவை ஒட்டியிருக்கிறது, ஆகவே அது பூங்கா நிலம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்துக்குப் பச்சை நிறம் தெரியாது, அம்மா. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் புல்வெளி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பூங்காவின் பகுதியாகவே பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். அரசுக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமானாலும் குறிப்பிட்ட பயன்பாடு எதற்கும் ஒதுக்காமல் விட்ட நிலம். அல்லது, யாரோ ஒருவர் இத்தனை காலம் வேலி போடாமல் வைத்திருந்த தனியார் நிலம். மூன்றும் பார்வைக்கு ஒரே புல்தான். வழக்கு என்று வந்தால் மூன்றும் மூன்று உலகம்.

முதல் வகையாக இருந்தால் உங்கள் கை வலுவானது. பொதுமக்களின் பயனுக்கென்று ஒதுக்கிய நிலத்தை அரசோ உள்ளாட்சியோ தன் சொந்தச் சொத்து போல எண்ணிக் கைமாற்ற முடியாது, அதை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பது பல நாடுகளின் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கியிருந்த இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான். ஆனாலும், பூங்கா என்று திட்டத்தில் எழுதிய பிறகு அதை விருப்பம்போல மாற்ற முடியாது என்றும், அங்கே குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு என்றும் தீர்ப்பு சொன்னது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் நடந்தது. அந்த ஊரின் பொது மைதானத்தில் ஒரு துண்டை 2017-ல் ஊர் மன்றம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. அடுத்த ஆண்டு அங்கே 15 வீடுகள் கட்ட அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த மைதானம் 1920-களில் மக்களின் பொழுதுபோக்குக்கென்று வாங்கப்பட்டது. அப்படிப்பட்ட நிலத்தை விற்பதானால் தொடர்ந்து இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்து ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மன்றம் அதைச் செய்யவில்லை. 2023-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், விற்ற பிறகும் மக்களின் உரிமை அந்த மண்ணிலேயே நிற்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த கட்டட அனுமதி செல்லாது என்றது. ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்றை யாரோ பொறுமையாகத் தேடி எடுத்ததால் கிடைத்த வெற்றி அது.

நிலம் மூன்றாவது வகை என்றால், அதாவது தனியாருடையது, குடியிருப்புக்கென்றே வகைப்படுத்தப்பட்டது என்றால், கட்டவே கூடாது என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. அப்போது பேச வேண்டியது எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனுவில் கையெழுத்துப் போடுவது, நோய் என்னவென்று தெரியாமல் மருந்து சாப்பிடுவது போல.

"24 ஆண்டு புழங்கிய இடம்"

நீண்ட காலப் புழக்கம் உரிமையாகும் என்று நினைக்கிறீர்கள். சில நாடுகளில் அதற்கு வழி உண்டு. ஆனால் அந்த வழியில் பள்ளங்கள் அதிகம். இங்கிலாந்தையே பார்ப்போம். உள்ளூர் மக்கள் ஒரு நிலத்தில் 20 ஆண்டு விளையாடியும் உலாவியும் வந்திருந்தால் அதை ஊர்ப் பசும்புலமாகப் பதிவு செய்யக் கேட்கலாம். ஆனால் பலவந்தமாகவோ, மறைவாகவோ, உரிமையாளரின் அனுமதியோடோ புழங்கியிருக்கக் கூடாது. அனுமதியோடு புழங்கியிருந்தால் உரிமை வராது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். "இவ்விடத்தை உரிமையாளரின் அனுமதியுடன் பயன்படுத்துகிறீர்கள்" என்று ஒரு சிறு பலகை இருந்தாலே இந்த வாதம் சரிந்துவிடும். மக்கள் பொழுதுபோக்குக்கென்று மன்றமே சட்டப்படி திறந்து வைத்த இடத்துக்கும் இந்த வழி பொருந்தாது என்று 2014-ல் அங்கே தீர்ப்பு வந்தது. அதோடு 2013-க்குப் பிறகு, கட்டட விண்ணப்பம் முறைப்படி அறிவிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பதிவைக் கேட்கும் வாசலே மூடிவிடுகிறது. அறிவிப்பைப் பார்த்த பிறகு ஓடுகிறவர்களுக்கு அங்கே காலம் கடந்துவிட்டது.

உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிவதற்காகவே இதைச் சொல்கிறேன்: புழக்கத்தால் உரிமை வருமா, எத்தனை ஆண்டு, எந்த நாளுக்குள் கேட்க வேண்டும்? இன்னொன்றையும் கேளுங்கள். நிலம் முழுவதற்கும் உரிமை கிடைக்காவிட்டாலும், குறுக்கே போகும் அந்த நடைபாதைக்கு மட்டும் வழியுரிமை கிடைக்க வாய்ப்பு இருக்கலாம். பழைய புகைப்படங்கள், வான்வழிப் படங்கள், முப்பது வருடமாக நடக்கிற பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலங்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள்.

காட்சி வேறு, வெளிச்சம் வேறு

"என் ஜன்னலில் இருந்து மரங்கள் தெரிவது என் உரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1610-லேயே ஓர் ஆங்கிலேய வழக்கில் இது பேசப்பட்டது. நல்ல காட்சி மனதுக்கு மகிழ்ச்சி தருவது, வாழ்வதற்கு இன்றியமையாதது அல்ல, அதனால் அது மறைந்துபோனதற்கு வழக்குப் போட முடியாது என்றார்கள். அந்த வழியில் வளர்ந்த சட்டங்களில் இன்றைக்கும் இதுதான் நிலை. ஆனால் வெளிச்சமும் காற்றும் வேறு. உதாரணமாக, 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில், ஒரு கட்டடம் 20 ஆண்டு தடையில்லாமல் பெற்றுவந்த வெளிச்சமும் காற்றும் உரிமையாக முடியும். எதிரே எழும் கட்டடத்தின் உயரத்தால் உங்கள் வீடு இருளுமானால் அதை அளந்து, நிழல் எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் விழும் என்று வரைந்து காட்டுங்கள்.

சொத்து மதிப்பு விழும் என்ற வாதத்தை மனுவில் இருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டட அனுமதியை முடிவு செய்கிற இடங்களில் தனிப்பட்ட சொத்து மதிப்புக்குப் பொதுவாக இடம் கிடையாது. அதைப் படிக்கிற அதிகாரி, மனுவில் உள்ள மற்ற நல்ல காரணங்களையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்.

ஒரு மரத்துக்கு மூன்று கன்று

இந்த வாக்குறுதியை நம்பி உங்கள் சங்கத்தில் பாதிப்பேர் சமாதானமாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நான் சற்று நிறுத்திப் பேச வேண்டும். வழக்குகளில் மிக எளிதாகக் கடந்துபோகிற இடம் இதுதான்.

முதிர்ந்த மரத்தின் நிழலையும் இலைப்பரப்பையும் கன்றுகள் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவும் அவை பிழைத்தால். அதற்குள் உங்கள் தெருவில் வளரும் குழந்தைக்கு வயதாகிவிடும். அதைவிட முக்கியம், மரத்தை வெட்டாமலேயே கொல்ல முடியும். வேரைச் சுற்றியுள்ள மண்ணின் மேல் லாரியும் கிரேனும் ஓடினால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மரம் உடனே சாகாது; கட்டடம் முடிந்து, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு பட்டுப்போகும். பிரிட்டனில் கட்டுமான இடத்து மரங்களுக்கான தர விதி, அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப் பகுதியைப் பாதுகாக்கச் சொல்கிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 7.2 மீட்டர். அங்கே உள்ள ஒவ்வொரு பெரிய மரத்தையும் ஒரு அளவு நாடாவால் அளந்து, கட்டட வரைபடத்தின் மேல் அந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். "பாதுகாக்கப்படும் மரங்கள்" என்று குறித்தவற்றில் எத்தனை வட்டங்களுக்குள் அடித்தளமோ வாகன நிறுத்தமோ வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் நான்கு மாணவர்களும் இரண்டு நாளில் செய்துவிடக்கூடிய வேலை இது. ஆயிரம் கையெழுத்தைவிட எடை அதிகம்.

மழையையும் கணக்குப் போடுங்கள். நான்கு ஏக்கர் என்பது சுமார் 16,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால் அந்த நிலத்தில் மட்டும் விழும் தண்ணீர் எட்டு லட்சம் லிட்டர். இன்று அதில் பெரும் பகுதியை மண் குடிக்கிறது. கான்கிரீட் போட்ட பிறகு அது எங்கே போகும்? உங்கள் தெருவின் வடிகால் தாங்குமா? இந்தக் கேள்விக்கு வரைபடத்தில் பதில் இல்லையென்றால், அது அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாத ஆட்சேபணை.

"வேறிடத்தில் நடுவோம்" என்பதில் அந்த வேறிடம் எது என்றும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, ஒவ்வொரு வீட்டில் இருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள், குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமை வேண்டும் என்கிறது. பக்கவாதத்தில் இருந்து எழுந்து நடக்கப் பழகுகிறவருக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி நட்ட கன்றால் என்ன பயன்? உங்கள் கணவரின் கதையை மனுவில் எழுதத் தயங்குவதாகச் சொல்கிறீர்கள். எழுதுங்கள். அந்தப் புல்வெளி என்ன வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கையெழுத்துகளும் வாக்குகளும்

மூவாயிரம் கையெழுத்து ஒரு திட்டத்தைத் தானாக நிறுத்தாது. ஒரே வாசகத்தில் வந்த மூவாயிரத்தை அதிகாரி ஒரே ஆட்சேபணையாகக் கூடப் பார்க்கலாம். ஆனால் திரண்ட குரல், சரக்கோடு சேர்ந்தால் பலிக்கும். சிங்கப்பூரில் டோவர் காடு என்ற 33 ஹெக்டேர் நிலம், பழைய ரப்பர் தோட்டம் தானாகக் காடானது. 2003-லேயே குடியிருப்புக்கென்று வகைப்படுத்தப்பட்டுவிட்டது. அங்கே வீடு கட்டும் பேச்சு எழுந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். இயற்கை ஆர்வலர்கள் அங்கே வாழும் உயிரினங்களின் பட்டியலோடும் மாற்று யோசனைகளோடும் வந்தார்கள். 2021 ஜூலையில், கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதி இப்போதைக்குக் காடாகவே இருக்கட்டும், அதில் ஒரு பகுதி இயற்கைப் பூங்கா என்று முடிவானது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் வீடும் வந்தது, காட்டில் பாதியும் நின்றது.

இன்னொரு பக்கம் பெர்லின். 2008-ல் மூடிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் 300 ஹெக்டேருக்கும் மேற்பட்ட திடலை மக்கள் பூங்காவாக்கிக்கொண்டார்கள். ஓரங்களில் மட்டும் சுமார் 4,700 வீடுகள் கட்ட நகர அரசு திட்டமிட்டது. 2014 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு வீடும் வேண்டாம் என்று முடிவானது. அந்தத் திடலை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனது; ஓரங்களில் கட்டலாமா என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே வாக்களித்தவர்களில் பலர் வீட்டையே எதிர்த்தவர்கள் அல்லர். ஓரம் என்று தொடங்கி நடுவுக்கு வந்துவிடுவார்கள், கட்டுபடியாகும் வீடு என்று சொல்லி விலையுயர்ந்த வீடு கட்டுவார்கள் என்று அரசை நம்பாதவர்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் நல்ல யோசனையும் தோற்கும். ஆகவே உங்கள் ஊரில் எந்த வாக்குறுதி வந்தாலும், அதைப் பேச்சில் விடாமல் அனுமதியின் நிபந்தனையாகவும், பதிவு செய்த பத்திரமாகவும் கேட்டு வாங்குங்கள். "நடைபாதை திறந்தே இருக்கும்" என்று விளம்பரத் தாளில் அச்சிட்டது போதாது.

சங்கத்தின் மனுவும் உங்கள் மகளும்

"கண்டவர்களும்" என்ற அந்த வரி. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மனிதர்களைத் தரம் பிரிக்கும் அந்தச் சொல் தவறு என்பதற்காகத்தான் முதலில் சொல்கிறேன். அந்த 240 வீடுகளில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கக்கூடியவர்களில் உங்கள் மகளும் ஒருத்தி. அந்த வரி அவளைத்தான் சொல்கிறது. சட்டப்படியும் அது உங்களைக் கெடுக்கும். மனுவின் உண்மையான நோக்கம் மரமோ மழைநீரோ இல்லை, ஏழைகள் வரக்கூடாது என்பதுதான் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே நிமிடத்தில் காட்டிவிடுவார். தனியாக, உங்கள் பெயரில் எழுதுங்கள்.

இனி அந்தக் கேள்வி. வீடு கட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், ஆம், அதில் சுயநலம் உண்டு. நமக்குக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்துவது அது. ஆனால் எங்கே, எப்படி என்று கேட்பது சுயநலம் இல்லை. பூங்காவும் வீடும் பிறவிப் பகைவர்கள் அல்ல. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் 1847-ல் பொதுப் பணத்தில் பூங்கா அமைத்தபோது, சுற்றிலும் வீட்டு மனை விற்று அந்தச் செலவை ஈடுகட்டினார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட் 1850-ல் அங்கே போய்ப் பார்த்து வியந்தார். பூங்காவின் ஓரத்தில் வாழும் மக்கள்தான் அதற்குக் காவல். ஆனால் அங்கே வீடு பூங்காவைச் சுற்றி வந்தது, பூங்காவுக்கு உள்ளே வரவில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், நிலம் பொதுப் பயனுக்கென்று ஒதுக்கியதாக இருந்தால் முழுமூச்சாக எதிர்ப்பேன்; மகளுக்கு வீடு வேண்டும் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருமுறை போன பூங்கா நிலம் திரும்பி வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. வீட்டுக்கு வேறு இடம் தேட முடியும்: பயனற்றுக் கிடக்கும் கிடங்குகள், பெரிய வாகன நிறுத்தங்கள், காலியான அலுவலகக் கட்டடங்கள். உங்கள் ஆட்சேபணையிலேயே அப்படி இரண்டு இடங்களைக் குறிப்பிடுங்கள். நிலம் தனியாருடையது, குடியிருப்புக்கானது என்றால் வேறு மனு எழுதுவேன்: கட்டடங்களைத் தெருப் பக்கம் நெருக்கி வையுங்கள், தேவையானால் ஒரு மாடி கூடட்டும், பூங்காவை ஒட்டிய பாதியை மண்ணாகவே விட்டு மக்களுக்கு எழுதிக் கொடுங்கள், குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். உங்கள் ஜன்னலுக்கு முன்னால்தான் கட்டடம் வரும். இதைக் கேட்பது எளிதல்ல என்று தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுத்த பின் நீதிமன்றம் போகும் அவகாசமும் மிகச் சிறியதாக இருக்கலாம். இங்கிலாந்தில் அது ஆறே வாரம்.

நிலத்தின் தாய்ப் பத்திரம், நில உபயோக வரைபடம், பழைய லேஅவுட் வரைபடம், வாங்கியபோதோ தானமாகப் பெற்றபோதோ நிறைவேற்றிய தீர்மானம் ஆகியவற்றின் நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தகவல் கேட்கும் சட்டம் இருந்தால் அதன் கீழ் கேளுங்கள்.

கட்டுமான நிறுவனம் லஞ்சம் கொடுத்தது என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்களே, அதைப் பரப்பாதீர்கள். ஆதாரம் இல்லாத ஒரு வரிக்கு அவதூறு வழக்கு வந்தால், உங்கள் நேரமும் பணமும் அதற்கே போய்விடும்.

தடையுத்தரவு கேட்க அவசரப்பட வேண்டாம். வழக்கு தோற்றால் தாமதத்தால் வந்த நட்டத்தை ஈடுசெய்வதாக உறுதிமொழி கேட்கக்கூடும். எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். தனியாக ஒருவர் பெயரில் போடாமல், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் குழுவாகப் போடுவதே நல்லது.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உங்கள் மகளையும் அழைத்துப் போங்கள். அவள் தன் கருத்தைத் தனியாக எழுதட்டும், உங்களுக்கு நேர்மாறாக இருந்தாலும் சரி.

பத்திர நகல் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதில் எங்காவது "பொதுமக்களின் உபயோகத்துக்காக" என்பது போல ஒரு வரி இருந்தால், அந்தப் பக்கத்தைத் தனியாக இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே பத்திரமான இடத்தில் வையுங்கள்.